நெடும்பயணத்திற்கு உரிய நூல்

நெடுந்தொலைவு செல்வோர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று வானூர்தியில் சோறும் நீரும் நம் இருக்கையைத் தேடி வருகின்றன. ஆயினும் அறிவுக்குரிய கட்டுச்சோற்றை மட்டும் இன்றும் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதைக் கட்டுவது என்பதே வினா.

இவ்வினா சென்ற மாதம் சிங்கப்பூரில் என்முன் வந்து நின்றது. ஜொகூர் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாகப் பணியாற்றுகின்றவன் நான். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்ற மாணவி ஒருத்தி, இப்போது மேற்படிப்புக்காக இலண்டன் மாநகர் செல்கிறாள். புறப்படுவதற்கு முன் புக்கிட் பாத்தோக்கில் தன் அக்காள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தாள். வழியனுப்பி வரலாம் என்று பாலத்தைக் கடந்து சென்றேன்.

கூடத்தின் நடுவே பெட்டி திறந்து கிடந்தது. எடை பார்ப்பதும், எடுத்து வைத்ததை மீண்டும் வெளியே எடுப்பதுமாக இருந்தனர். அப்போது அம்மாணவி, "ஐயா, பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பையில் இரண்டு நூல்களுக்குத்தான் இடம் இருக்கிறது. எவற்றை எடுத்துச் செல்லட்டும்?" என்று கேட்டாள்.

பயணத்திற்கு எளிய கதை நூலே ஏற்றது என்பது பொதுவான கருத்து. விமான நிலையக் கடைகளில் அத்தகைய நூல்களே முன்வரிசையில் நிற்கின்றன. நானும் அவ்வாறே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவள் என் மாணவி, செல்வதோ படிக்க. ஆகவே, "நமக்கு முன்னே சென்றவர்கள் எதை எடுத்துச் சென்றார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அம்மா" என்றேன். அன்றிரவு எண்ணிப் பார்த்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

கப்பல் தளத்தில் ஒரு கதைப்புத்தகம்

முதலில் என் நினைவுக்கு வந்தவர் என் பாட்டனார். அவர் 1930-களில் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி மலாயா வந்தவர். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பலை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நாடுகளில் அருமை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்து, 1970-களின் தொடக்கம் வரை, இடையில் போர்க்காலம் நீங்கலாக, அது நம்மவரை ஏற்றியும் இறக்கியும் வந்தது. அறை எடுக்க வசதியில்லாதோர் திறந்த தளத்தில் பாயை விரித்து, வங்கக் கடலை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கடந்தனர்.

என் பாட்டனாரின் துணிமூட்டையில் ஒரு நூல் இருந்தது. பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைப்புத்தகம் அது. வியப்பு என்னவென்றால், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது! ஊர்ச் சந்தையில் காலணாவுக்கோ அரையணாவுக்கோ வாங்கியது என்பார். கப்பல் தளத்தில் எழுத்தறிந்த ஒருவர் அதனை இராகமிட்டுப் படிக்க, சுற்றிலும் இருபது முப்பது பேர் அமர்ந்து கேட்டார்களாம். கப்பல் கரை சேர்ந்ததும் படித்தவர் ஒரு தோட்டத்திற்கும், பாட்டனார் வேறொரு தோட்டத்திற்கும் பிரிந்து போயினர். நூல் பாட்டனாரிடம் தங்கியது, படிப்பவர்தாம் இல்லை.

"உள்ளே இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ!" என்று அவர் அடிக்கடி அந்நூலைப் புரட்டிப் பார்ப்பாராம். தம் மகனைத் தோட்டப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்ததற்குக் காரணம் அந்த ஏக்கமே என்று என் தந்தையார் கூறியிருக்கிறார். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. சட்டம் பள்ளிக்கு இடம் கொடுத்தது. பிள்ளையை அப்பள்ளிக்குள் தள்ளியது பாட்டனார் உள்ளத்திலிருந்த ஒரு வினா. அவர் கடல் கடந்து கொண்டு வந்தது நூல் அன்று, அந்த வினாவே என்று எனக்குத் தோன்றியது. பயண நூல்களின் வரலாற்றில் இதனை ஒரு கைவிளக்காகக் கொண்டு மேலே செல்வோம்.

காந்தியடிகள் கையில் தமிழ் ஏடு

1896-ஆம் ஆண்டின் நடுவில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து கல்கத்தா நோக்கி 'பொங்கோலா' என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் பயணம் செய்தவர் காந்தியடிகள். 24 நாட்கள் நீடித்த அப்பயணத்தில் அவர் கையில் எடுத்தது கதை நூலன்று. தமிழைத் தாமே கற்றுக்கொள்வதற்குரிய ஒரு சிறு கையேடு. கப்பலின் மருத்துவர் அதனை அவருக்குத் தேடிக் கொடுத்தார். அதே பயணத்தில் உருதுவும் பயின்றார்.

குசராத்தி மொழியினரான வழக்கறிஞர் ஒருவருக்குக் கடல் நடுவே தமிழ் எதற்கு? விடை இரண்டாண்டுகளுக்கு முன்னே இருக்கிறது. 1894-ஆம் ஆண்டில் பாலசுந்தரம் என்னும் ஒப்பந்தத் தொழிலாளர் அவரிடம் வந்தார். முதலாளி அடித்ததால் முன்பற்கள் உடைந்து, வாயில் குருதி ஒழுக, தலைத்துணியைக் கையில் ஏந்தியபடி அழுதுகொண்டு நின்றார். அவர் பேசிய தமிழ் காந்தியடிகளுக்கு விளங்கவில்லை. அலுவலகத்தில் எழுத்தராயிருந்த தமிழர் ஒருவர் வழியாகவே செய்தியை அறிந்தார். தம்மை நம்பி வந்தவனுடைய துன்பத்தை அவன் மொழியிலேயே கேட்க இயலவில்லையே என்னும் குறை அவருக்கு இருந்திருக்க வேண்டும். தென்னாட்டு மக்களோடு நெருங்கிப் பழகவே தமிழ் பயிலத் தொடங்கியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதுகிறார். பாலசுந்தரத்தின் கண்ணீரே அந்தக் கையேட்டின் முதற்பாடம் எனலாம்.

பயணம் முடிந்த பின் நேர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. இந்தியா சேர்ந்ததும் அப்படிப்பைத் தொடர இயலவில்லை. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தமிழை மீண்டும் எடுத்துப் படித்தார். எனினும் பேசும் அளவுக்கு அது வளரவில்லை என்றும், படிக்கக் கற்றதும் பழக்கமின்மையால் துருப்பிடிக்கிறது என்றும் வருந்துகிறார். பயணத்தில் தொடங்கிய நூலைக் கரையிலும் தொடர வேண்டும் என்னும் எச்சரிக்கை இதில் இருக்கிறது.

எட்டாண்டுகள் கழித்து, 1904-இல், மற்றொரு பயணம். இம்முறை ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு 24 மணி நேர இரயில் பயணம். வழியனுப்ப வந்த நண்பர் போலக், வழியில் படிக்குமாறு ஒரு நூலைக் கையில் கொடுத்தார். ஆங்கில அறிஞர் ரஸ்கின் எழுதிய 'அன்டு திஸ் லாஸ்ட்' என்பது அது. எடுத்த நூலைக் காந்தியடிகளால் கீழே வைக்க இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. அந்நூற் கருத்துக்கேற்ப வாழ்க்கையை மாற்றிக்கொள்வது என்று உறுதி பூண்டார். அவ்வாண்டிலேயே டர்பனுக்கு அருகில் பீனிக்ஸ் குடியிருப்புத் தோன்றியது.

ஒரு நூல் ஒரே இரவில் ஒருவரை மாற்றிவிடுமா என்று கேட்கலாம். இதற்கும் காந்தியடிகளே விடை தருகிறார். தம் உள்ளத்தில் ஆழ்ந்து கிடந்த நம்பிக்கைகள் சிலவற்றையே அந்நூலில் கண்டதாக அவர் கூறுகிறார். அவருக்கு நூல் புதிது, வினா பழையது. உழைப்புக்கு உரிய மதிப்பு எது, எளிய வாழ்வு எது என்று பல்லாண்டு அவர் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்ததற்கே ரஸ்கின் விடை சொன்னார். இதே நூலை இதே இரயிலில் வேறொருவர் படித்திருந்தால், டர்பன் வந்ததும் மடித்து வைத்துவிட்டு இறங்கியிருப்பார்.

மூன்று நூல்களும் ஓர் இளைஞரும்

இனி நம்மவர் ஒருவரைக் காண்போம். 1930-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள், பம்பாயிலிருந்து 'பில்ஸ்னா' என்னும் கப்பலில் 19 வயது இளைஞர் ஒருவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அரசாங்க உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்லும் அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வீட்டில் தாயார் சீதாலட்சுமி நோயுற்றிருந்தார். இப்சன் என்னும் நார்வே நாடக ஆசிரியரின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கிய அந்த அம்மையார், தம் நோயைக் காரணம் காட்டி மகனைத் தடுக்கவில்லை. போய் வா என்றே விடை கொடுத்தார். அடுத்த ஆண்டில் மகன் திரும்புமுன் மறைந்தும் போனார்.

பயணத்தில் சந்திரசேகர் உடன் வைத்திருந்த நூல்கள் மூன்று. எடிங்டன் எழுதிய விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிய நூல் ஒன்று. சோமர்ஃபெல்டு எழுதிய அணு அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் பற்றிய நூல் ஒன்று. காம்டன் எழுதிய எக்ஸ் கதிர்களையும் எலெக்ட்ரான்களையும் பற்றிய நூல் ஒன்று.

இம்மூன்றிலும் ஆசிரியர்கள் கருத வேண்டிய ஒற்றுமை ஒன்று உண்டு. இவற்றுள் ஒன்றுகூட அவருக்குப் புதிய நூலன்று. எடிங்டன் நூல் கல்லூரிக் காலத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசாகப் பெற்றது. காம்டன் ஆராய்ந்த பொருளைப் பற்றி அவரே 1929-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருந்தார். சோமர்ஃபெல்டு நூலின் செய்தி இன்னும் சுவையானது. 1928-இல் அந்த ஜெர்மானிய அறிஞர் சென்னைக்கு வந்திருந்தார். அவர் நூலைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர், துணிவுடன் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். சோமர்ஃபெல்டோ, அந்நூல் வந்தபின் இயற்பியலின் அடிப்படையே மாறிவிட்டது என்று கூறித் தம் புதிய கட்டுரையின் அச்சுப் படிகளைத் தந்தார். நூலாசிரியரே பழையது என்று சொல்லிய பிறகும், இரண்டாண்டு கழித்து அந்நூல் அவரோடு கப்பலேறியது. ஏன்? எது பழையது, எது பழையதன்று என்பதைத் தாமே அறியும் நிலைக்கு அவர் வந்திருந்தார்.

அவர் உடன் கொண்டு சென்ற வினாவையும் அறிந்துகொள்வோம். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையால் தானே சுருங்கும். சுருங்கிய மீன் பிறகு எவ்வாறு குளிரும்? குளிர்வதற்கே அதற்கு ஆற்றல் வேண்டியிருக்குமே என்று எடிங்டன் 1926-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு புதிரை எழுப்பியிருந்தார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பவுலர், புதிய இயற்பியலின் துணையால் அதற்கு விடை கண்டார்: நெருக்கி அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மேலும் நெருங்க மறுத்து எதிர்த்துத் தள்ளுகின்றன, அத்தள்ளுதலே மீனைத் தாங்குகிறது. இந்த விடையைத்தான் சந்திரசேகர் கப்பலில் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தார்.

கணக்கிடும்போது ஒன்று தெரிந்தது. மீனின் நடுவிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. அப்படியாயின் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டுமன்றோ? சேர்த்தார். வந்த விடை அவரையே திகைக்க வைத்தது. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட மீனை அத்தள்ளுதல் தாங்காது என்றது கணக்கு. 1931-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அவ்வெல்லை கதிரவனைப்போல் 0.91 மடங்கு. மீனின் உட்பொருளைப் பற்றிய மதிப்பு திருத்தமானபின் இன்று அது ஏறக்குறைய 1.4 மடங்கு எனக் கொள்ளப்படுகிறது. உலகம் அதனைச் 'சந்திரசேகர் எல்லை' என்று அழைக்கிறது. அப்பால் உள்ள பெருமீன்கள் என்ன ஆகும் என்ற வினாவே பிற்காலத்தில் கருந்துளைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. ஆகஸ்டு 19-ஆம் நாள் இலண்டன் சேர்ந்தபோது அவர் பையில் இருந்தவை புறப்பட்டபோது இருந்த அதே மூன்று நூல்கள். கூடுதலாகச் சில தாள்கள்.

நூலாசிரியரோடு வழக்கு

இவ்வரலாற்றின் மறுபாதி இன்னும் கூரியது. 1935-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை விளக்கினார். அடுத்து எழுந்த ஒருவர், விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று எள்ளி நகையாடினார். அவையோர் சிரித்தனர். எழுந்தவர் வேறு யாருமல்லர். கப்பலில் உடன் வந்த நூலின் ஆசிரியராகிய எடிங்டனே!

பரிசாகப் பெற்றுப் போற்றிப் படித்த நூல். அதனை எழுதியவரே அவை நடுவில் எதிர்க்கிறார். சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிடவில்லை. எடிங்டனைப் பழிக்கவும் இல்லை. 1937-இல் அமெரிக்கா சென்று, விண்மீன் அமைப்பைப் பற்றித் தாமே ஒரு பெருநூல் எழுதி 1939-இல் வெளியிட்டார். 1983-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் எடிங்டனின் நூற்றாண்டு விழாவில் சொற்பொழிவாற்றியவரும் அவரே. தம் காலத்து வானியலறிஞருள் தலைசிறந்தவர் என்று எடிங்டனைப் போற்றினார். ஒரு நூலை உண்மையாகப் படித்தல் என்பது இதுதான். ஏற்க வேண்டியதை ஏற்று, மறுக்க வேண்டியதை மறுத்து, ஆசிரியர்பால் வைத்த அன்பையும் இழவாமல் இருத்தல்.

எல்லாரும் சந்திரசேகர் ஆகிவிட முடியுமா என்று சிலர் கேட்பர். முடியாதுதான். களைத்த பயணி உறங்கட்டும். திரைப்படம் பார்க்க விரும்புவோர் பார்க்கட்டும். அதில் குற்றமில்லை. நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கணித ஆற்றலை அன்று. அவர் தேர்ந்த முறையை. வினா முதலில் வந்தது. நூல் பின்னர் வந்தது. காந்தியடிகளுக்கும் அப்படியே. எழுத்தறியாத என் பாட்டனாருக்கும் ஒருவகையில் அப்படியே.

மாணவிக்குச் சொன்ன விடை

மறுநாட் காலையில் அம்மாணவியுடன் நடந்து சென்றேன். முன்பு கருங்கல் வெட்டியெடுத்த பெரும்பள்ளம் ஒன்று புக்கிட் பாத்தோக்கில் இன்று நீர் நிறைந்து, 'லிட்டில் குயிலின்' என்ற பெயரில் அழகிய பூங்காவாக விளங்குகிறது. அங்கே ஒரு கல்லிருக்கையில் அமர்ந்து, "நூல் இருக்கட்டும். நீ எந்த வினாவை எடுத்துக்கொண்டு இலண்டன் போகிறாய்?" என்று கேட்டேன்.

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். முதுகில் பம்பைச் சுமந்து, தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர் அந்த அம்மையார். நகங்கள் கறுத்து உதிர்ந்ததையும், மூக்கில் குருதி வடிந்ததையும் பேத்தி சிறுவயதிலேயே கண்டிருக்கிறாள். "அந்த மருந்து என்ன மருந்து என்று பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை, ஐயா. தோம்பில் எழுதியிருந்ததைப் படிக்கவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை? அதைத்தான் நான் படிக்கப் போகிறேன்" என்றாள். களைக்கொல்லிகளுள் கொடியதான பாராகுவாட் மலேசியாவில் 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் தடை வருமுன் அதனைச் சுமந்த முதுகுகள் எத்தனை! என் மாணவி பொதுச் சுகாதாரம் படிக்கச் செல்வதன் உட்பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஆறாண்டு கற்பித்தும் நான் அவளிடம் கேட்காத கேள்வி அது என்று எண்ணி வெட்கினேன்.

"அப்படியானால் நீ முன்பே படித்த நூல்களையே எடுத்துக்கொள், அம்மா" என்றேன். பூச்சிமருந்துகளின் தீமையை 1962-இல் உலகுக்கு எடுத்துரைத்த ரேச்சல் கார்சன் அம்மையாரின் 'சைலண்ட் ஸ்பிரிங்' நூலை அவள் கல்லூரியில் ஒருமுறை படித்திருந்தாள். அன்று அது பாடநூல். இனி அது அவள் பாட்டியின் கதையோடு ஒட்டிப் படிக்க வேண்டிய நூல். மற்றொன்று, பிற்பகல் தேக்காவில் ஒரு புத்தகக் கடையில் நானே வாங்கித் தந்த கையடக்கத் திருக்குறள். தேர்வுக்காகக் குறளை மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவர் உண்டோ? மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்நூலை, அறிந்தவனுடைய கடமை யாது, வலியவன் எளியவனிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது என்னும் வினாவோடு அவள் திரும்பப் படிக்கட்டும். ஒப்ப முடியாத இடம் வந்தால் ஓரத்தில் குறித்து வைக்குமாறும் சொன்னேன். இரண்டு நூல்களுக்கும் நடுவே ஒரு பென்சிலையும் செருகி வைத்தேன். காந்தியடிகளின் தமிழ்க் கையேட்டிற்கு நேர்ந்த நிலை நேராதிருக்க, தரையிறங்கிய பின்னும் நாளொன்றுக்கு ஒரு பக்கமாவது தொடர வேண்டும் என்று வாக்கும் பெற்றுக்கொண்டேன்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். நாம் வினாக்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, விடைகளை மாணவரிடம் கேட்கிறோம். நூலகத்திற்கு அழைத்துச் சென்று, இந்நூல் படி, அந்நூல் படி என்று பட்டியலும் தருகிறோம். அவர்கள் வீட்டிலிருந்து சுமந்து வரும் வினா என்ன என்று ஒருநாளேனும் கேட்டோமா? கேட்டால், எந்நூலைக் கொடுப்பது என்பது தானே விளங்கும்.

லிட்டில் குயிலினில் நீர் நிற்பது தோண்டிய இடத்தில்தான். உள்ளத்தைத் தோண்டிய வினா ஒன்று இருந்தால், எந்நூலும் அங்கே தேங்கி நிற்கும். என் பாட்டனார் கொண்டு வந்த பெரிய எழுத்துக் கதைப்புத்தகம், அட்டை இழந்து, ஓரம் மக்கி, இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. ஊர் திரும்பிய அன்று அதனை எடுத்து முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.